வாசகர் கேள்விகள்: அண்டப் பகுதியும் ஆரம்ப இருப்பும்

சென்ற இதழில், 'பிரபஞ்சம் எப்படித் தோன்றியது?' என்று ஒரு வாசகர் கேட்டிருந்த ஒருவரிக் கேள்விக்கு அரைப் பக்க அளவில் பதில் எழுதியிருந்தேன். அறிவியலையும் சமயத்தையும் ஒரே பத்தியில் கட்டிப்போட்டது போதாது என்று காரைக்குடிச் சுற்றுவட்டாரத்திலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன், பிரதோஷம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்ற இரண்டு தகுதிகளைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அந்த அளவில் நின்று பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் திருவாசக முற்றோதல் நடந்தபோது, சொற்பொழிவாற்றிய ஒருவர், 'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்' என்ற அடியை எடுத்துச் சொல்லி, மேலைநாட்டார் இப்போது கண்டுபிடித்த பெருவெடிப்பை மாணிக்கவாசகர் அன்றைக்கே பாடிவிட்டார் என்றார். கேட்கப் பெருமையாக இருந்தது. பொறியியல் படிக்கும் என் பேரனிடம் சொன்னேன், சிரித்துவிட்டான். யார் பக்கம் சரி? (ஓர் ஆச்சி, தேவகோட்டை)

பதில்: ஆச்சி, பேரன் சிரித்திருக்க வேண்டாம், சொற்பொழிவாளரும் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். திருவண்டப்பகுதியின் தொடக்க அடிகளை முழுதாகப் படித்துப் பாருங்கள்:

'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி
ஒன்றனுக் கொன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன
இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச்
சிறிய வாகப் பெரியோன்'

உருண்டை வடிவான அண்டங்களின் தொகுதி அளக்க முடியாதது. ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லப் புகுந்தால் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடப்பது. அத்தனையும், வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கிற தூசிபோலச் சிறியனவாகும்படி பெரியவன் ஒருவன் இருக்கிறான். இதுவே பாட்டின் கருத்து. உங்கள் வீட்டில் ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாகக் காலை வெயில் சாய்கோடாக இறங்கும்போது, அதுவரை கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பொன்னாக மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இல் நுழை கதிர்' என்ற மூன்று சொற்களில் அந்தக் காட்சியைப் பிடித்து, அண்டங்களை அந்தத் துகளாக்கி, இறைவனை அந்த வீட்டைவிடப் பெரியவனாக்கிவிடுகிறார். உலகத்துக் கவிதையில் இதற்கு ஈடாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

ஆனால் இந்த அடிகளில் வெடிப்பு இல்லை. 'விரிந்தன' என்பது பரந்து கிடத்தலைக் குறிக்கிறது. நாள் செல்லச் செல்ல இடைவெளி கூடிக்கொண்டே போவதைக் குறிக்கவில்லை. 'பிறக்கம்' என்ற சொல்லைப் பிறப்பு என்று கொண்டு பேசுகிறார்கள். அதற்குக் குவியல், மிகுதி, விளக்கம் என்றெல்லாம் பொருள் உண்டு. எண்ணிக்கையையும் ஒப்பிட்டு மகிழ வேண்டாம். நம் கருவிகளுக்கு எட்டும் பரப்பில் மட்டும் விண்மீன் மண்டலங்கள் பத்தாயிரம் கோடிக்கு மேல் இருக்கும் என்று இன்று மதிப்பிடுகிறார்கள். 'நூற்றொரு கோடி' என்பதைக் கணக்காக எடுத்துக்கொண்டால் மாணிக்கவாசகர் மிகக் குறைத்துச் சொன்னவர் ஆகிவிடுவார். எண்ணி மாளாது என்பதற்கான சொல்லாக எடுத்துக்கொண்டால் அவர் வாக்கு அப்படியே நிற்கும்.

வேதத்தையும் விண்ணியலையும் இப்படி ஜாதகப் பொருத்தம் பார்ப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. 1948-ஆம் ஆண்டு ஃபிரெட் ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகியோர், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, அது என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்ற கொள்கையை முன்வைத்தார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அதற்குப் பெரிய மதிப்பு இருந்தது. அன்றைக்கு அதே மேடையில் ஒருவர் பேசியிருந்தால், 'அநாதி என்று நம் ஆகமங்கள் சொன்னதை ஹாயில் இன்று ஒப்புக்கொண்டார்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பார். கொள்கை விழுந்தபோது அந்தக் கைதட்டலையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும். திருவாசகத்துக்கு அந்த நிலை வேண்டுமா? 'பெருவெடிப்பு' என்ற பெயரையே 1949-இல் பி.பி.சி. வானொலியில், தாம் ஏற்காத எதிர்க்கொள்கையை, பிரபஞ்சம் ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்பதை, குறிப்பதற்காக முதலில் சொன்னவரும் அதே ஹாயில்தான்.

பேரனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பாட்டைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கேள்வி: 1380 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததை யாரும் பார்த்ததில்லை. அப்படியிருக்க, அறிவியல் சொல்வதும் ஒரு நம்பிக்கைதானே? (பிளஸ் டூ மாணவர், காரைக்குடி)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. பார்க்காததை எப்படி அறிவது என்பதை உங்கள் ஊர் வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். ரங்கூனில் நடந்த கொடுக்கல் வாங்கலைக் காரைக்குடியில் இருந்தவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பேரேடும் குறிப்பும் ஐந்தொகையும் (இருப்புநிலைக் கணக்கு) ஒன்றோடொன்று ஒத்து வந்தால் நடந்தது நடந்ததுதான். ஒத்து வராவிட்டால், எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கணக்கை மீண்டும் போட்டாக வேண்டும். பிரபஞ்சக் கணக்கும் அப்படித்தான் மூன்று தனித்தனி ஏடுகளிலிருந்து கூடி வந்தது.

முதல் ஏடு, தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளி. அவற்றின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து வருகிறது; அவை நம்மைவிட்டு விலகுகின்றன என்பதற்கு அது அடையாளம். தொலைவு கூடக் கூட அந்த நகர்வும் கூடுவதை 1929-இல் எட்வின் ஹபிள் காட்டினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமெய்த்ர் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1927-இல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து அந்த விரிவை வருவித்திருந்தார். அதனால்தான் 2018-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அந்த விதியை ஹபிள்–லெமெய்த்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது. எல்லாம் நம்மைவிட்டு விலகுவதால் நாம்தான் நடுவில் இருக்கிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். இரவில் கரைத்து வைத்த இட்லி மாவில் அரைபடாத வெந்தயம் நாலைந்து கிடந்தால், மாவு பொங்கும்போது எந்த வெந்தயத்திலிருந்து பார்த்தாலும் மற்றவை விலகிப் போவதாகவே தெரியும். தூரத்தில் இருப்பது வேகமாக விலகும். வெந்தயம் நீந்திப் போகவில்லை, இடையில் உள்ள மாவு உப்புகிறது. வெளி விரிவதும் அவ்வாறே.

இந்த ஏட்டில் ஒரு பெரிய பிழையும் இருந்தது; அதை மறைக்கக் கூடாது. ஹபிள் போட்ட தொலைவுக் கணக்குப்படி பிரபஞ்சத்தின் வயது இருநூறு கோடி ஆண்டு அளவில்தான் வந்தது. 1940-களில் பாறைகளின் கதிரியக்கத்தைக் கொண்டு கணித்த பூமியின் வயதோ முந்நூறு கோடியைத் தொட்டது. தகப்பனைவிட மகன் மூத்தவன் என்று ஜாதகம் எழுதியது போன்ற நிலை. தொலைவை அளக்கப் பயன்படுத்திய துடிக்கும் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு என்பதை வால்டர் பாடே கண்டறிந்து 1952-இல் அறிவித்தபோது, தொலைவுகள் ஏறத்தாழ இரட்டித்தன, வயதும் அதற்கேற்பக் கூடியது. நம்பிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எங்கே என்று கேட்டீர்களே, இங்கேதான். பிழை எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு வழி அந்த முறைக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாம் ஏடு, வானம் முழுவதும் பரவியுள்ள நுண்ணலை. 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்ஸியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய கொம்பு வடிவ வானலை ஏற்பியில் ஓர் இரைச்சலைக் கேட்டார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும், பகலிலும் இரவிலும், எல்லாப் பருவத்திலும் அது மாறவில்லை. கருவிக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைக் கழுவித் துடைத்தும் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் ஆனபோது, வெப்பம் தணிந்து, ஒளி முதன்முதலாகத் தடையின்றிப் பயணம் செய்யத் தொடங்கியது. அந்த ஒளிதான் அலை நீண்டு, குளிர்ந்து, இன்று மைனஸ் 270 டிகிரி செல்சியஸ் அளவில் அந்த இரைச்சலாக நம்மை வந்தடைகிறது. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948-லேயே கணித்திருந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. முன்கூட்டியே சொல்லி, பிறகு கிடைத்தது. பென்ஸியாஸும் வில்சனும் 1978-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பழைய டிவியில் ஒளிபரப்பு முடிந்தபின் கொதிக்கும் வெண்புள்ளிகளில் ஒரு சிறு பங்கு அந்த ஆதி ஒளியிலிருந்து வந்ததே.

மூன்றாம் ஏடு, பொருளின் கலவை. முதல் சில நிமிடங்களில் இருந்த வெப்பத்தையும் அடர்த்தியையும் கொண்டு கணக்கிட்டால், எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஹீலியமும் மீதி பெரும்பாலும் ஹைட்ரஜனும் உருவாகியிருக்க வேண்டும். வானத்தில் அளந்து பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. உங்கள் ஊர் ஊருணித் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அந்த ஆதி நாளில் உண்டானது. அதோடு சேர்ந்துள்ள ஆக்சிஜன் பின்னால் வந்தது. ஏதோ ஒரு விண்மீனின் வயிற்றில் வெந்து, அது அழிந்தபோது சிதறியது.

இத்தனையும் ஒத்து வந்தும் ஐந்தொகை இன்னும் முழுதாகக் கட்டவில்லை. விரிவின் வேகத்தை, அதாவது ஹபிள் மாறிலியை, ஆதி ஒளியிலிருந்து கணித்தால், 32.6 லட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு வினாடிக்கு 67 கிலோமீட்டர் என்று வருகிறது. அருகில் உள்ள விண்மீன்களைக் கொண்டு அளந்தால் 73 என்று வருகிறது. இரண்டு தரப்பும் திரும்பத் திரும்ப அளந்தும் இடைவெளி மூடவில்லை. நாம் அறிந்த பொருள் மொத்தத்தில் ஐந்து விழுக்காடு அளவே. 27 விழுக்காடு கரும்பொருள், 68 விழுக்காடு கரும் ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தாயிற்றே தவிர, அவை என்னவென்று இன்னும் பிடிபடவில்லை.

கேள்வி: பெருவெடிப்புக்கு முன்பு என்ன இருந்தது? (வாசகர், பள்ளத்தூர்)

பதில்: பழைய பேரேடு ஒன்றைப் பிரிக்கிறீர்கள். பிள்ளையார் சுழி போட்ட முதல் பக்கத்தின் முதல் வரியிலேயே 'முன் ஏட்டுப்படி இருப்பு' என்று ஒரு பெருந்தொகை எழுதியிருக்கிறது. அதற்குப் பிந்தைய ஒவ்வொரு பற்றுக்கும் வரவுக்கும் கணக்கு இருக்கிறது. முன் ஏடு மட்டும் கைக்குக் கிடைக்கவில்லை. பெருவெடிப்புக் கொள்கையின் நிலை இதுதான். மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட ஒரு நிலையை ஆரம்ப இருப்பாக எடுத்துக்கொண்டு அது கணக்கைத் தொடங்குகிறது. அந்த இருப்பு எங்கிருந்து வந்தது என்று அது சொல்வதில்லை. 'ஒன்றுமில்லாததிலிருந்து வெடித்தது என்கிறது அறிவியல்' என்று நண்பர்களும் பகைவர்களும் ஒருசேரச் சொல்வது தவறு.

பின்னோக்கிப் போகப் போக அடர்த்தி எல்லையின்றிக் கூடும் என்பதை ஐன்ஸ்டைனின் சார்பியல் சமன்பாடுகளிலிருந்து 1960-களில் ரோஜர் பென்ரோஸும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் நிறுவினார்கள். அதற்கு அடிப்படையாக அமைந்த சமன்பாடு 1955-இல் வெளியிட்ட கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌத்ரியின் பெயரால் வழங்குகிறது. நம் பாடநூல்களில் அவர் பெயருக்கு இன்னும் ஒரு மூலையாவது ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அந்த 'எல்லையின்மை' என்பது, இங்கே என் கணக்கு செல்லாது என்று சார்பியலே கைவிரிக்கும் இடம். அதற்கு அப்பால் போக ஈர்ப்பையும் குவாண்டத்தையும் இணைத்த ஒரு கொள்கை தேவை. முயற்சிகள் பல, முடிந்தது எதுவும் இல்லை. காலமே அங்கேதான் தொடங்கியது என்றால் 'முன்பு' என்ற சொல்லுக்கே பொருள் இல்லை என்பார் ஹாக்கிங். இதற்கு முன்னும் பிரபஞ்சங்கள் சுழற்சியாக வந்து போயின என்பார் பென்ரோஸ். இருவரும் கூட்டாகத் தேற்றம் நிறுவியவர்கள். இந்தக் கேள்வியில் மட்டும் இரண்டு திசையில் நடந்தார்கள்.

இந்தத் தயக்கத்தை மிக நேர்மையாகச் சொன்ன பழைய பாட்டு ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், 129-ஆம் சூக்தமாக உள்ளது. அன்று இருப்பும் இல்லை, இன்மையும் இல்லை என்று தொடங்கி, இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்பதை மேலான வானிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன் அறிவான், அல்லது அவனும் அறியமாட்டான் என்று முடிகிறது. இறைவனைப் பாடும் நூலில் 'அவனும் அறியமாட்டானோ' என்று கேட்டு நிறுத்த ஒரு துணிவு வேண்டும்.

கேள்வி: சைவ சித்தாந்தமும் வேதாந்தமும் படைப்பைப் பற்றி ஒன்றைத்தான் சொல்கின்றன என்கிறார் என் நண்பர். நான் குன்றக்குடிப் பக்கம், அவர் கோவிலூர்ப் பக்கம். தீர்ப்புச் சொல்லுங்கள். (வாசகர், குன்றக்குடி)

பதில்: தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காரைக்குடிக்கு மேற்கே குன்றக்குடியில் ஒரு சைவ ஆதீனமும், ஊரை ஒட்டியே கோவிலூரில் தமிழில் வேதாந்தம் பயிற்றும் ஒரு மடமும் இருந்து, இந்த வழக்கைக் கேட்க வெளியூர் போக வேண்டாதபடி நம் பகுதிக்கு வாய்ப்புச் செய்திருக்கின்றன.

சித்தாந்தத்தின் நிலையை மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் சூத்திரத்தில் வைத்தார்: 'அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின் தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம் அந்தம் ஆதி என்மனார் புலவர்.' அவன், அவள், அது என்று சுட்டி உணரப்படும் இந்த உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஆகவே அதைச் செய்பவன் ஒருவன் உண்டு. ஒடுக்கத்தைச் செய்கிறவனே மீண்டும் தோற்றத்துக்கும் முதலானவன். இந்த வாதத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இறைவன் உலகத்தை இன்மையிலிருந்து படைக்கவில்லை. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்ற சற்காரியவாதம் இதன் அடித்தளம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி. அதனால் 'முதன்முதலாக எப்போது' என்ற கேள்வியே சித்தாந்தத்தில் எழாது. ஒடுங்கியது மீண்டும் எழுகிறது. ஒடுக்கத்தைத் தண்டனையாகவும் அது பார்ப்பதில்லை. பிறந்து பிறந்து களைத்த உயிர்களுக்கு அது இளைப்பாற்றல் என்று சிவஞான சித்தியார் கூறும். பிரளயத்தை ஓய்வாகப் பார்த்த கருணை எனக்கு மிகவும் பிடித்தது.

கோவிலூரில் பயிலும் கைவல்ய நவநீதம் என்ற வேதாந்த நூலைத் திறந்தால் காட்சி மாறுகிறது. அங்கே மாயை தனிப்பொருளாக நிற்பதில்லை. அந்தி நேரத்தில் கயிற்றைப் பாம்பென்று கண்டால் பாம்பு எப்போது பிறந்தது? அது எதனால் ஆனது? விளக்கைக் கொண்டுவந்தால் கேள்வியே மறைந்துவிடுகிறது. வெளி வந்தது, அதிலிருந்து காற்று வந்தது, தீ வந்தது என்று வேதாந்தமும் படைப்பு வரிசையை விரிவாகச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அதை ஆரோபம் (ஏற்றிச் சொல்லுதல்) என்று பெயரிட்டுச் சொல்லி, பிறகு அபவாதத்தால் (மறுத்து விலக்குதல்) ஒவ்வொன்றாகத் துடைத்துவிடுகிறது. கோலம் போட்டது துடைப்பதற்காகவே என்பது போல.

ஆக, குடம் உண்மை, மண் உண்மை, குயவனும் உண்மை என்பவர் நீங்கள். கயிறு மட்டுமே உண்மை என்பவர் உங்கள் நண்பர். இதை ஒன்றென்று சமாதானம் பேசினால் இரண்டு மடத்துப் பெரியவர்களும் ஒப்பமாட்டார்கள். இதில் தொலைநோக்கி யாருக்கும் துணைக்கு வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரபஞ்சம் 1380 கோடி ஆண்டு என்றாலும் சித்தாந்தி, 'இது இந்தச் சுற்றின் கணக்கு' என்பார். வேதாந்தி, 'கனவுக்குள் இருந்த கடிகாரம் அது' என்பார். இருவரும் பேசுவது வயதைப் பற்றி அன்று. எது சார்ந்து நிற்பது, எது சாராமல் நிற்பது என்பதைப் பற்றி.

கேள்வி: பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி ஆண்டு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: இருபத்திரண்டு கோடி ஆண்டு உதைக்கிறது என்று சொல்கிறேன். கலியுகத்தின் 4,32,000 ஆண்டைப் பத்தால் பெருக்கினால் ஒரு சதுர்யுகம், அதை ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு கல்பம், அதாவது பிரம்மாவின் ஒரு பகல். பாறையை அளந்து வந்த எண் அன்று அது. கோடி கோடியாகக் காலத்தைக் கற்பனை செய்யத் தயங்காத மனத்தை வியக்கலாம்.

கேள்வி: சங்க இலக்கியத்தில் உலகத் தோற்றம் பற்றி ஏதேனும் உண்டா? (தமிழாசிரியை, கோட்டையூர்)

பதில்: பரிபாடலின் இரண்டாம் பாடலை, கீரந்தையார் திருமாலைப் பாடியதை, வகுப்பில் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். 'கருவளர் வானத்து இசையின் தோன்றி உரு அறிவாரா ஒன்றன் ஊழியும்' என்று உருவம் அறியப்படாத வெளியின் காலத்தைச் சொல்லி, 'உந்து வளி கிளர்ந்த' காற்றின் ஊழி, 'செந்தீச் சுடரிய' தீயின் ஊழி, பனியும் மழையும் பெய்த நீரின் ஊழி, இறுதியாக வெள்ளத்தில் மூழ்கி எழுந்த நிலத்தின் ஊழி என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். வெளி, வளி, தீ, நீர், நிலம் என்ற இந்த வரிசை தைத்திரீய உபநிடதத்திலும் அப்படியே உண்டு. ஆகவே தமிழருக்கு மட்டும் உரிய கண்டுபிடிப்பு என்று பறைசாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு பூதத்துக்கும் ஓர் ஊழிக்காலத்தைக் கொடுத்து, அந்த நீண்ட காத்திருப்பை 'ஊழ் ஊழ்' என்று ஒலியாலேயே உணர்த்தியது கீரந்தையாரின் கைவண்ணம். தொல்காப்பியரோ, 'நிலம் தீ நீர் வளி விசும்போடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்' என்று வரையறை சொல்லிவிட்டு, படைத்தவனைப் பற்றி அந்த இடத்தில் பேசாமல் நகர்ந்துவிடுகிறார்.

கேள்வி: குர்ஆனும் விவிலியமும் உலகுக்குத் தொடக்கம் உண்டு என்கின்றன. அப்படியானால் பெருவெடிப்பு அவற்றுக்குச் சான்றாகிவிட்டது அல்லவா? (வாசகர், இளையான்குடி)

பதில்: இந்த ஆசை ஒரு போப்பாண்டவருக்கே வந்தது. 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கான் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், புதிய வானியல் படைப்பின் தொடக்கத்துக்குச் சாட்சி சொல்வதாகப் பேசினார். அதனால் மிகவும் சங்கடப்பட்டவர் யார் தெரியுமா? அந்தக் கொள்கைக்கு வித்திட்ட லெமெய்த்ர். அவர் ஒரு கத்தோலிக்கக் குருவும்கூட. தம்முடைய கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்றும், ஆத்திகரும் நாத்திகரும் அதை ஒருசேர ஏற்கவோ மறுக்கவோ இடம் இருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். காலையில் திருப்பலி நிறைவேற்றி, பகலில் சமன்பாடு எழுதியவர், ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சிக்கு அழைக்கவில்லை. ஆதி ஒளி கண்டுபிடிக்கப்பட்ட செய்தி, 1966-இல் அவர் இறப்பதற்குச் சிறிது முன்பு அவரை எட்டியது.

விவிலியத்தின் முதல் வரி, 'ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்' என்பது. ஒளி முதல் நாளிலும் சூரியன் நான்காம் நாளிலும் வருவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கிறித்தவ அறிஞர்கள் பழங்காலத்திலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். உலகம் காலத்துக்குள் படைக்கப்படவில்லை, காலத்தோடு படைக்கப்பட்டது என்றார் புனித அகுஸ்தீன். உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிறுவ முடியாது, அது நம்பிக்கையால் ஏற்பது என்றார் தாமஸ் அக்குவினாஸ். குர்ஆனில், இறைவன் ஒன்றை நாடினால் 'ஆகுக' என்கிறான், அது ஆகிவிடுகிறது. வானங்களும் பூமியும் சேர்ந்திருந்தன, நாமே அவற்றைப் பிரித்தோம் என்ற 21-ஆம் அத்தியாயத்தின் வசனத்தை இன்று பெருவெடிப்போடு பொருத்துகிறார்கள். தேவகோட்டை ஆச்சிக்குச் சொன்னதே இதற்கும் என் பதில். அதைவிட ஆழமான உரையாடல் இஸ்லாமிய மரபுக்குள் எப்போதோ நடந்திருக்கிறது. உலகம் அநாதி என்ற கிரேக்க வழித் தத்துவத்தை மறுத்து, அதற்குத் தொடக்கம் உண்டு என்று வாதிட்டார் இமாம் கஸ்ஸாலி. அவருக்கு விரிவான மறுப்பு எழுதினார் இப்னு ருஷ்து. இருவரும் ஒரே நூலை ஓதியவர்கள்.

கேள்வி: கடவுள் இல்லாமல் பிரபஞ்சம் என்றைக்கும் இருக்கிறது என்று சொன்ன சமயம் உண்டா? (மாணவி, புதுக்கோட்டை)

பதில்: உங்கள் ஊருக்கு அருகே சித்தன்னவாசல் குன்றில் கற்படுக்கை வெட்டிக் கிடந்த சமணத் துறவிகளின் கொள்கை அதுவே. உலகைப் படைத்தவன் இல்லை; உயிரும் உயிரல்லாப் பொருள்களும் தொடக்கமின்றி இருக்கின்றன. புத்தரோ, உலகம் நிலையானதா, எல்லை உள்ளதா என்று மாலுங்கியபுத்திரர் என்ற சீடர் வற்புறுத்திக் கேட்டபோது, நஞ்சு தோய்ந்த அம்பு தைத்தவன், எய்தவன் எந்தக் குலத்தான் என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்கவிடுவேன் என்று அடம்பிடித்த கதையைச் சொல்லிப் பதிலளிக்காமல் விட்டார்.

கேள்வி: இவ்வளவு எழுதுகிறீர்களே, உங்கள் சொந்த நம்பிக்கை என்ன? (வாசகர், கண்டனூர்)

பதில்: பிரதோஷத்துக்குப் போகிறேன் என்று மேலே சொல்லிவிட்டேன். நந்திக்கு முன்னால் நிற்கும்போது ஹபிள் மாறிலி எனக்கு நினைவுக்கு வருவதில்லை.

கேள்வி: விரியும் பிரபஞ்சம் என்கிறீர்கள். எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து, கருவி ஏதும் இல்லாமல், அதில் எதையாவது நானும் என் பேத்தியும் பார்க்க முடியுமா? (வாசகி, புதுவயல்)

பதில்: முடியும். மழைக்காலம் முடியட்டும். தை பிறந்தபின், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, மாலை ஏழு ஏழரை மணிக்குத் தெரு விளக்கின் வெளிச்சம் கண்ணில் படாத மூலையில் நின்று, பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, வடமேற்கு வானில் பாதி உயரத்துக்குச் சற்று மேலே தேடுங்கள். யாரோ விரலால் தொட்டு அழித்ததுபோல ஒரு மங்கலான திட்டுத் தெரியும். அது ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவு. பேத்தியின் கண்ணில் படும் அந்த ஒளி புறப்பட்டபோது பூமியில் நம்மைப் போன்ற மனிதர் யாரும் இல்லை. நேராக உற்றுப் பார்த்தால் மறையும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால் பேத்தி பின்னால் படித்துவிட்டு உங்களைக் கேள்வி கேட்பாள். தொலைவில் உள்ளவை எல்லாம் விலகிக்கொண்டிருக்க, இது நம் பால்வீதியை நோக்கி வினாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீடு என்பதால் இரண்டுக்கும் இடையிலுள்ள ஈர்ப்பு விரிவை வென்றுவிடுகிறது.